ஒளிமேகச் சித்திரம்

மார்கழி, தை மாதங்களின் முன்னிரவில் கீழ்வானில் எழுந்து நடுவானை நோக்கி ஏறிவரும் நக்ஷத்திரக் கூட்டங்களுள், செந்நிறத் திருவாதிரையைத் தோளிலும், ஒரே வரிசையில் நிற்கும் மூன்று தாரகைகளை இடைக்கச்சையிலும் தாங்கிய ஓரியன் என்னும் வேடனின் உருவத்தைப் பாராதவர் நம்மிடையே மிகச் சிலரே இருக்கக்கூடும். அந்தக் கச்சையிலிருந்து தொங்கும் வாளின் நடுவே, மற்ற நக்ஷத்திரங்களைப்போலக் கூர்மையாக மினுங்காமல், சற்றே மங்கிக் கரைந்தாற்போல ஒரு புள்ளி தெரியும். அதுவே ஓரியன் நெபுலா. மெஸ்ஸியே என்ற பிரெஞ்சு வானியலாளர் 1769-ஆம் ஆண்டில் தமது பட்டியலில் 42-ஆவது பொருளாகக் குறித்துவைத்த ஒளிமேகம். பெருநக்ஷத்திரங்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கும் இடங்களுள் நமக்கு மிக அண்மையில் உள்ளது.

அந்தப் புள்ளியைத் தம் சொந்தத் தொலைநோக்கியாலும் சொந்தக் காமிராவாலும், எந்த ஆராய்ச்சி நிலையத்தின் ஆதரவும் இன்றி, தூக்கத்தைத் துறந்து படமாக்கும் ஆர்வலர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய படங்களைக் காண்பவர், அவற்றின் சிவப்பிலும் நீலத்திலும் ஒரு கணம் மயங்கிவிட்டு, எல்லாம் யந்திரத்தின் சாமர்த்தியம் என்றோ, எல்லாம் கம்ப்யூட்டரின் கைவரிசை என்றோ சொல்லிக் கடந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. இரண்டும் அநியாயமான தீர்ப்புகள். நுணுகி நோக்குகிறவருக்கு, இது பொறுமையையும் அடக்கத்தையும் அஸ்திவாரமாகக் கொண்ட ஒரு கலை என்பதும், இக்கலையில் அழகும் சத்தியமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியமாட்டா என்பதும் தெளிவாகும். இதை எடுத்துச்சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்திரத்தை ரசிக்க, சித்திரிக்கப்பட்ட பொருளை ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும். ஓரியன் நெபுலா நமக்குச் சுமார் 1,340 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஆகவே இன்றிரவு நாம் காண்கிற அதன் ஒளி, மாமல்லபுரத்துப் பாறைகளில் உளியோசை கேட்ட பல்லவர் காலத்திலேயே அங்கிருந்து புறப்பட்டுவிட்ட ஒளி. மேகம் என்று நாம் சொன்னாலும், அது மேகத்தைவிடக் கற்பனைக்கு எட்டாத அளவு மெல்லியது. அதன் அடர்ந்த நடுப்பகுதியிலேகூட ஒரு கன சென்டிமீட்டருக்குள் சில ஆயிரம் அணுக்களே இருக்கின்றன. இவ்வளவு வெறுமையான பொருள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிரகாசிக்கிறதென்றால், அது ஒளியாண்டுக் கணக்கில் பரந்து கிடப்பதுதான் காரணம். அதன் இருதயத்தில் 'டிரபீசியம்' என்ற பெயரில் நான்கு இளம் நக்ஷத்திரங்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் தலையாயது, ஏறக்குறைய 39,000 டிகிரி வெப்பத்தில் எரிந்து, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்களை நாற்புறமும் வாரி வீசுகிறது. அக்கதிர்கள் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிகின்றன. பிரிந்தவை மறுபடி கூடி, படிப்படியாக இறங்கும்போது 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆழ்ந்த செவ்வொளியை வெளியிடுகின்றன. நெபுலாப் படங்களில் நாம் காணும் சிவப்பு இதுதான்.

டிரபீசியத்தின் அருகே தோன்றும் பச்சைகலந்த நீலத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. வில்லியம் ஹகின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1864-ஆம் ஆண்டில் நெபுலாக்களின் ஒளியை நிறமாலைமானியால் பகுத்துப் பார்த்தபோது, பூமியில் அறியப்பட்ட எந்த மூலகத்துக்கும் பொருந்தாத பச்சைக்கோடுகள் தென்பட்டன. 'நெபுலியம்' என்ற புதிய மூலகம் ஒன்று அங்கே இருப்பதாகப் பல ஆண்டுகள் எண்ணிவந்தார்கள். 1927-ஆம் ஆண்டில் ஐரா போவென் என்ற அமெரிக்கர், அது புது மூலகம் அல்ல, இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த பிராணவாயுவே என்றும், பூமியின் அடர்ந்த காற்றில் மோதல்களால் அடங்கிப்போகும் அந்த ஒளி, நெபுலாவின் ஏகாந்த வெறுமையில்தான் வெளிப்பட முடிகிறது என்றும் விளக்கினார். இன்னும், நெபுலாவுக்கு வடக்கே இழைந்து நிற்கும் மெல்லிய நீலம், தூசு சிதறடிக்கும் நக்ஷத்திர ஒளி. இடையிடையே கபில நிறத்தில் கவிந்திருக்கும் இருள், ஒளியை மறைக்கும் தூசுத் திரை. ஆகவே, நேர்மையாக எடுக்கப்பட்ட ஒரு படத்தில் எந்த வர்ணமும் வெறும் அலங்காரமாக வந்து அமர்வதில்லை. ஒவ்வொன்றும் ஒரு பௌதிக நிகழ்ச்சிக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

இத்தனை வர்ணங்களையும் நேரில் காணும் பாக்கியம் நம் கண்ணுக்கு இல்லை. மங்கிய ஒளியில் பார்ப்பதற்கென்று விழித்திரையில் அமைந்திருக்கும் கோல் உயிரணுக்கள் வர்ணபேதம் அறியாதவை. ஆழ்ந்த சிவப்பையோ அவை ஏறக்குறைய உணர்வதே இல்லை. அதனால் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்ப்பவருக்கு, சிறகு விரித்ததோர் சாம்பல் நிற மூட்டமும், அதன் நடுவே பச்சையின் சாயலும் மட்டுமே புலனாகும். மேலும், கண் ஒளியைச் சேமித்துவைப்பதில்லை. ஒரு விநாடியின் சிறு பகுதிக்கு மேல் அதற்கு நினைவு கிடையாது. காமிராவின் தகடோ, ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஒரு மணி நேரத்து ஒளியையும் விடாமல் சேர்த்துவைக்கும். இந்தச் சேமிப்பின் மேல்தான் இக்கலை முழுவதும் எழுந்திருக்கிறது.

படக்கலை வருவதற்கு முன்பு, வானியலாளர்கள் இந்த நெபுலாவைக் கையால் வரைந்துவந்தார்கள். நன்னம்பிக்கை முனையிலிருந்து ஜான் ஹெர்ஷலும், அயர்லாந்தில் ராஸ் பிரபுவும், ஹார்வர்டில் பாண்டும் வரைந்த சித்திரங்கள் அரிய உழைப்பின் பலன்கள். ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நெபுலாவே மாறிவிட்டதா, வரைந்த கை மாறியதால் வந்த வேற்றுமையா என்று பெரியோர்கள் வாதிடவேண்டிய நிலை ஏற்பட்டது. அந்த வாதத்துக்கு முடிவுகட்டும் வழியை 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி இரவில், நியூயார்க் நகருக்கு அருகே ஹட்ஸன் நதிக்கரையில் தம் சொந்த வானோக்ககத்தில் இருந்த ஹென்றி டிரேப்பர் திறந்துவைத்தார். மருத்துவம் படித்த அவர், 11 அங்குலத் தொலைநோக்கியோடு உலர்ந்த ஜெலட்டின் தகடு ஒன்றை இணைத்து, ஏறக்குறைய 50 நிமிஷம் ஒளியேற்றி எடுத்ததே உலகின் முதல் நெபுலாப் படம். நடுப்பகுதி மட்டும் மங்கலாகப் பதிந்த அந்தப் படம் இன்றைய கண்ணுக்கு எளியதாகத் தோன்றலாம். எனினும் நெபுலா தானே தன்னை வரைந்துகொண்ட முதல் சித்திரம் அது.

இரண்டரை ஆண்டுக்குள் அதை வென்றவரும் ஓர் ஆர்வலரே. லண்டனுக்கு அருகேயுள்ள ஈலிங்கில் வாழ்ந்த ஆண்ட்ரு ஐன்ஸ்லி காமன், தொழிலால் சுகாதாரப் பொறியியலாளர். தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடி கொண்ட பிரதிபலிப்புத் தொலைநோக்கியை நிறுவி, 1883-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி அவர் எடுத்த ஓரியன் படத்தில், அதே தொலைநோக்கியில் கண்வைத்துப் பார்த்தாலும் தென்படாத நக்ஷத்திரங்கள் பதிந்திருந்தன. மனிதக் கண்ணைக் காமிரா மிஞ்சியது என்பதற்கு அதுவே ருஜு. அடுத்த ஆண்டில் ராயல் வானியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. பின்னர் அந்தத் தொலைநோக்கி கைமாறி, கலிபோர்னியாவிலுள்ள லிக் வானோக்ககத்துக்குச் சென்று, தொழில்முறை விஞ்ஞானிகளுக்குப் பல்லாண்டு பயன்பட்டது. இந்தக் கலையின் பிறப்பிலேயே வீட்டுத் தோட்டமும், ஊதியம் எதிர்பாராத உழைப்பும் இருந்திருக்கின்றன. இன்று மொட்டைமாடியில் முக்காலியை நிறுத்தும் இளைஞனோ யுவதியோ நேராக அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர்.

இனி, அவர்களுடைய சாதனங்களைப் பார்ப்போம். ஓரியன் நெபுலாவுக்குப் பெரிய தொலைநோக்கி அவசியமில்லை. அது வானில் முழுநிலவைப்போல் இருமடங்குக்கும் மேலான அகலம் கொண்டது. 70 அல்லது 80 மில்லிமீட்டர் விட்டமும், 400 மில்லிமீட்டர் அளவு குவியதூரமும் உள்ள ஒரு நல்ல லென்ஸ் தொலைநோக்கி போதும். வர்ணங்கள் தனித்தனியே பிரிந்து நக்ஷத்திரங்களைச் சுற்றி ஊதா விளிம்பு கட்டாதபடி, விசேஷக் கண்ணாடியால் இழைத்த லென்ஸாக அது இருக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. காமிரா விஷயத்தில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. சாதாரண டிஜிட்டல் காமிராவில், மனித முகங்களும் பூக்களும் இயற்கையான நிறத்தில் விழவேண்டும் என்பதற்காக, உணரிக்கு முன்னே ஒரு வடிகட்டியைப் பொருத்தியிருப்பார்கள்; அது ஹைட்ரஜனின் ஆழ்ந்த சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால் ஆர்வலர்கள் அந்த வடிகட்டியை நீக்கிப் பயன்படுத்துகிறார்கள்; அல்லது, உணரியைப் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்கும் கொண்டுபோகும் குளிர்விப்பான் அமைந்த வானியல் காமிராவை வாங்குகிறார்கள். வெப்பம் குறையக் குறைய, உணரி தானாகவே உண்டாக்கும் பொய்யான சமிக்ஞைகளும் குறையும்.

ஆனால் அனுபவஸ்தர்களைக் கேட்டால், தொலைநோக்கியையும் காமிராவையும் விட, அவற்றைத் தாங்கும் பீடமே பிரதானம் என்பார்கள். பூமி 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவதால், வானம் முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த நகர்வுக்குச் சமமாக, அதே திசையில், துளியும் பிசகாமல் சுழலும் பீடம் இல்லாவிட்டால் நக்ஷத்திரங்கள் எல்லாம் கோடுகளாக நீண்டுவிடும். பீடத்தின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கவேண்டும். அதற்கு வடக்கே துருவ நக்ஷத்திரத்தை நோக்கி அதைத் திருத்துவது வழக்கம். நம் தமிழ்நாட்டில் இது எளிதல்ல. துருவ நக்ஷத்திரம் கன்னியாகுமரியில் சுமார் 8 டிகிரி உயரத்திலும், சென்னையில் 13 டிகிரி உயரத்திலுமே நிற்கிறது. தென்னை மரமோ, அடுத்த வீட்டு மாடியோ, அடிவானத்து மூட்டமோ அதை மறைத்துவிடும். அப்போது வேறு நக்ஷத்திரங்களின் நகர்வைக் கவனித்து, அவை எந்தப் பக்கம் விலகுகின்றன என்பதிலிருந்து அச்சின் பிழையை அறிந்து, சிறிது சிறிதாகத் திருத்தவேண்டும். இந்த இடைஞ்சலுக்கு ஈடாக இயற்கை நமக்கு ஒரு பெரிய சலுகையும் தந்திருக்கிறது. லண்டனில் அடிவானத்திலிருந்து சுமார் 33 டிகிரிக்கு மேல் ஏறாத ஓரியன் நெபுலா, நம் நாட்டில் 70 டிகிரிக்கும் மேலே ஏறி உச்சிவானத்தை நெருங்குகிறது. காற்றின் மிக மெல்லிய படலத்தின் வழியாக அதைக் காணும் நன்மை நம்முடையது.

எவ்வளவு நல்ல பீடமானாலும் அதன் பற்சக்கரங்களில் நுண்ணிய குறைகள் இருக்கும். முற்காலத்தில் படமெடுப்பவர், துணைத் தொலைநோக்கியின் குறுக்கிழைகளுக்கு நடுவே ஒரு நக்ஷத்திரத்தை நிறுத்தி, அது அசையுந்தோறும் கையால் திருத்திக்கொண்டு, பனியில் மணிக்கணக்காகக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார். இன்று அந்தத் தவத்தை வழிகாட்டிக் காமிரா ஏற்றுக்கொண்டது. சில விநாடிகளுக்கு ஒருமுறை அது ஒரு நக்ஷத்திரத்தைப் படமெடுத்து, இம்மி நகர்ந்தாலும் பீடத்துக்கு ஆணையிடுகிறது. அதற்காகக் கலைஞனுக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை. குவியம் சரிபார்க்கவேண்டும், அதற்குப் பாவெல் பாக்தினோவ் என்ற ரஷ்ய ஆர்வலர் வகுத்த, சாய்ந்த கோடுகள் வெட்டிய மூடி உதவுகிறது, அதை மாட்டிப் பார்த்தால் நக்ஷத்திரத்திலிருந்து மூன்று ஒளிக்கீற்றுகள் கிளம்பும், நடுக்கீற்று மற்ற இரண்டின் நட்டநடுவே நிற்கும்போது குவியம் சரி. இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்குவதால், குவியத்தை மீண்டும் மீண்டும் திருத்தவேண்டும். மார்கழிப் பனி லென்ஸின்மேல் படியாதபடி சூடேற்றும் பட்டை கட்டவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் இரவின் உழைப்பு வீண். எல்லாம் சரியாக அமைந்தால், அவற்றில் ஒன்றுகூடப் படத்தில் தெரியாது. தம் உழைப்பின் சுவடே தெரியாமல் உழைப்பது இந்தக் கலைக்குரிய முதல் அடக்கம்.

ஒரே படமாக நெடுநேரம் எடுப்பது இன்று வழக்கமில்லை. மூன்று அல்லது ஐந்து நிமிஷப் படங்களாகப் பல எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்கிறார்கள். பஜனை கோஷ்டியில் பலர் சேர்ந்து பாடும்போது, எல்லார் குரலிலும் பொதுவாக உள்ள பாட்டு ஓங்கி ஒலிக்க, ஒருவர் இருமலும் மற்றொருவர் செருமலும் அதில் அமுங்கிப்போவதைப்போல, எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கும் நெபுலா வலுப்பெற, படத்துக்குப் படம் இடம்மாறும் பொய்ச் சமிக்ஞைகளான இரைச்சல் கரைந்துபோகிறது. ஆனால் இதற்கு ஒரு கணக்கு உண்டு: நான்கு படங்கள் சேர்ந்தால் இரைச்சல் பாதியாகும், அதையும் பாதியாக்கப் பதினாறு வேண்டும், பத்தில் ஒன்றாக்க நூறு வேண்டும். முதலில் தாராளமாகப் பலன் தந்த உழைப்பு, போகப்போகக் கஞ்சத்தனமாகவே தருகிறது. அந்தக் கடைசிச் சிறு பலனுக்காக இன்னும் ஓர் இரவைச் செலவிடத் துணிகிறவரிடமிருந்தே சிறந்த படம் பிறக்கிறது. இவற்றோடு, லென்ஸை மூடிவைத்து எடுத்த இருட்படங்களால் உணரியின் சொந்தக் குறைகளையும், ஒரே சீராக ஒளியூட்டிய வெண்பரப்பைப் படமெடுத்து, கண்ணாடியில் ஒட்டிய தூசின் நிழலையும் மூலைகளின் மங்கலையும் கழித்துவிடுவார்கள். யந்திரம் செய்த பிழைகளை யந்திரத்தைக் கொண்டே சாட்சி சொல்லச் செய்து விலக்கும் இந்தச் சடங்கைச் சலிப்பின்றிச் செய்பவரை நான் மனமாரப் போற்றுகிறேன்.

இவ்வளவும் முடிந்தபின் திரையில் தோன்றுவது ஏறக்குறையக் கறுப்பு நிறமான ஒரு படம். சில நக்ஷத்திரங்களும், நடுவே ஒரு சிறு வெண்மையும் தவிர அதில் ஒன்றும் தெரியாது. ஒளியின் அளவுகள் அனைத்தும் அதற்குள் அடங்கியிருக்கின்றன; ஆனால் மங்கியவை எல்லாம் இருளின் அடிவரம்பில் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றை மேலே இழுத்து விரிக்கும் வேலையில்தான் மனிதனின் கை முதன்முதலாகச் சித்திரத்தின்மேல் படுகிறது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதி மிகப் பிரகாசமானது. அதன் வெளிச்சிறகுகளோ மிக மங்கியவை. சிறகுகளை வெளிக்கொணர நினைத்து இழுத்தால் நடுப்பகுதி சுண்ணாம்புபோல் வெளுத்துப்போகும். நடுவைக் காப்பாற்றினால் சிறகுகள் இருளில் ஆழும். எனவே நடுப்பகுதிக்காகச் சில விநாடிப் படங்களைத் தனியே எடுத்து, நெடுநேரப் படங்களோடு இழைத்துப் பொருத்துகிறார்கள்.

இந்தச் சிக்கலுக்கு டிஜிட்டல் யுகத்துக்கு முன்பே அழகிய தீர்வு கண்டவர் ஆஸ்திரேலியாவில் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானோக்ககத்தில் பணிபுரிந்த டேவிட் மாலின். நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே தெளிவு குறைந்த ஒரு பாஸிட்டிவ் பிரதியைச் செய்து, இரண்டையும் பொருத்தி அச்செடுத்தால், பெரிய ஒளிவேறுபாடுகள் தம்முள் கழிந்து நுண்ணிய விவரங்கள் மட்டும் தலைதூக்கும் என்ற இருட்டறை உபாயத்தை அவர் நெபுலாக்களுக்குப் பிரயோகித்தார். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகளின் வழியே எடுத்த கறுப்பு வெள்ளைத் தகடுகளைச் சேர்த்து அவர் உண்டாக்கிய வர்ணப் படங்கள்தாம், நெபுலாக்களின் நிறம் எது என்பதை ஒரு தலைமுறைக்குக் கற்பித்தன. அந்தப் படங்களில் எதுவும் கூவி அழைப்பதில்லை. மெய்யான விவரங்களை மட்டும் தாங்கி, மற்றதை விட்டுவிடும் அவற்றின் கம்பீரம் இன்றைக்கும் உரைகல்லாக நிற்கிறது.

அப்படியானால் ஓர் ஓரியன் படத்தை ரசிகர் எப்படி மதிப்பிடவேண்டும்? முதலில் நடுவே பார்க்கவேண்டும்: டிரபீசியத்தின் நான்கு நக்ஷத்திரங்களும் தனித்தனியே தெரிகின்றனவா, அன்றி வெண்பிழம்பில் மறைந்துவிட்டனவா? அடுத்து, அதன் அருகே ஒளிக்குள் நுழையும் கரிய தூசு வளைவின் ஓரங்களைப் பார்க்கவேண்டும்: அவை இயல்பாக இழைந்து மறைகின்றனவா, கத்தியால் வெட்டியதுபோல் செயற்கையாகக் கூர்மை பெற்றிருக்கின்றனவா? பிறகு நக்ஷத்திரங்கள்: நான்கு மூலைகளிலும் உருண்டையாக இருக்கின்றனவா, அவற்றைச் சுற்றிக் கரிய வளையங்கள் விழுந்திருக்கின்றனவா, நீலமும் மஞ்சளுமாகத் தத்தம் நிறத்தோடு நிற்கின்றனவா? கடைசியாகப் பின்புலத்து இருளைப் பார்க்கவேண்டும். அந்த இருள் மைக்கறுப்பாக இருந்தால் படம் எடுத்தவர் எதையோ அழித்துவிட்டார் என்று பொருள். உண்மையான ஓரியன் பின்புலம் எங்கணும் கபில நிறத் தூசின் மெல்லிய சாயல் படர்ந்தது. இரைச்சலை அடக்கும் ஆசையால் அந்தச் சாயலை மெழுகிவிட்டவரைவிட, சிறிது மணல்மணலாக இருந்தாலும் அதைக் காப்பாற்றியவரே மேலானவர் என்பது என் அபிப்பிராயம்.

வர்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஹைட்ரஜன், பிராணவாயு, கந்தகம் ஆகியவற்றின் ஒளியை மட்டும் தனித்தனியே அனுமதிக்கும் குறுகிய வடிகட்டிகள் இன்று ஆர்வலர்களுக்கும் கிடைக்கின்றன. நகரத்து விளக்கொளியின் பெரும்பகுதியை அவை தடுத்துவிடுவதால், பெருநகர மாடியிலிருந்தும் நெபுலாவைப் படமெடுக்க முடிகிறது. இது சாமானிய உபகாரம் அன்று. அப்படி எடுத்த மூன்றையும், கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, பிராணவாயு நீலம் என்று ஒதுக்கிச் சேர்க்கும் முறை, கழுகு நெபுலாவின் தூண்களை ஹப்பிள் தொலைநோக்கி 1995-ஆம் ஆண்டில் படமெடுத்தபின் பிரசித்தி பெற்றது. பொன்னும் நீலமுமாக விளங்கும் அந்தப் படங்களைப் பொய் என்று தள்ளிவிடலாகாது. எந்த வாயுவுக்கு எந்த நிறம் ஒதுக்கப்பட்டது என்பதை வெளிப்படையாகச் சொன்னால், அது தேசப்படத்தின் வர்ணங்களைப்போல நேர்மையான ஒரு குறியீடு. ஆயினும் ஓரியன் நெபுலாவுக்கு, அதன் இயல்பான செம்மையும் பச்சை நீலமும் கபிலமும் சேர்ந்த சித்திரமே பொருத்தமானது என்று நான் நினைக்கிறேன். வாயுவும் தூசும் நக்ஷத்திரமும் தத்தம் வழியில் ஒளிர்கிற இடம் அது. அந்த வேறுபாடுகளை அதன் இயற்கை வர்ணங்கள் தாமே எடுத்துரைக்கின்றன. பொய் எங்கே தொடங்குகிறதென்றால், பதிவாகாத விவரத்தைப் பதிவானதாகக் காட்டும்போதுதான். படத்தைக் கூர்மையாக்குவதாகச் சொல்லி, தான் கற்ற ஆயிரம் படங்களிலிருந்து இல்லாத இழைகளைப் புனைந்து சேர்க்கும் சாதனங்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. அவை எவ்வளவு நேர்த்தியாகப் புனைந்தாலும், அந்த இழைகள் பல்லவர் காலத்து ஒளியில் வந்தவை அல்ல.

ஹப்பிள், ஜேம்ஸ் வெப் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த படங்கள் இருக்க, இந்தச் சிறு தொலைநோக்கிகள் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஹப்பிளின் பார்வைப் பரப்பு மிகவும் சிறியது. ஓரியன் நெபுலா முழுவதையும் காட்டி 2006-ஆம் ஆண்டில் வெளியான அதன் படத்துக்கு 520 படங்களை இணைக்கவேண்டியிருந்தது. ஆர்வலரின் சிறு தொலைநோக்கியோ நெபுலாவையும், அதன் வடக்கேயுள்ள நீல மூட்டத்தையும், இரண்டையும் சூழ்ந்த தூசுப் பரப்பையும் ஒரே சட்டத்துள் அடக்கி, அவற்றின் உறவைக் காட்டுகிறது. கண்டுபிடிப்பும் அவர்களுக்கு அந்நியமல்ல. 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஜே மெக்நீல் என்ற ஆர்வலர், 3 அங்குலத் தொலைநோக்கியால் ஓரியன் மண்டலத்து எம்78 என்ற நெபுலாவின் பக்கத்தைப் படமெடுத்தபோது, பட்டியல்களில் இல்லாத ஒரு புதிய ஒளிமூட்டத்தைக் கண்டார். அதுவரை தூசுக்குள் மறைந்திருந்த ஓர் இளம் நக்ஷத்திரம் திடீரெனப் பொங்கி, சுற்றியிருந்த தூசை ஒளியூட்டியிருந்தது. பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் உடனே தம் தொலைநோக்கிகளை அங்கே திருப்பின; அந்த மூட்டத்துக்கு இன்று மெக்நீலின் நெபுலா என்று பெயர். வானத்தை விடாமல் நேசித்துப் பார்த்திருந்த கண்ணுக்குக் கிடைத்த பரிசு அது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தாமே சேமித்த ஒளியில் தாமே ஒரு சித்திரத்தைக் காணும் அனுபவத்தை வேறொருவர் எடுத்த படம் தரமுடியாது. அந்த அனுபவம், எதைச் சேர்க்கலாம் என்பதைவிட எதைச் சேர்க்கக்கூடாது என்பதை மனிதனுக்குக் கற்பிக்கிறது. இழுக்கவேண்டிய அளவுக்கு இழுத்து, அங்கே கையை எடுத்துவிடத் தெரிந்தவரே இக்கலையில் தேர்ந்தவர்.

இதைப் படிக்கும் அன்பர்கள் வரும் தை அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், ஒன்பது மணியளவில், ஊர் விளக்குகளுக்கு அப்பால் சென்று உச்சிவானத்தை அண்ணாந்து பாருங்கள். ஆருத்திரா தரிசனத்தன்று வேண்டாம். அன்று திருவாதிரைக்கு அருகிலேயே பூர்ண சந்திரன் நின்று எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். வாளின் நடுப்புள்ளியை முதலில் வெறுங்கண்ணால் காணுங்கள். பிறகு சாதாரண பைனாகுலரால் காணுங்கள். அதன் பின்பு ஒரு நல்ல ஆர்வலரின் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு, மேலே சொன்ன இடங்களில் நிதானமாகக் கண்ணை ஓட்டுங்கள். அந்தப் படத்தில் சேர்ந்திருக்கும் உழைப்பின் அளவு அப்போது தெரியவரும். மற்றொரு வேண்டுகோள்: இக்கலைக்கு இருளே மூலதனம். ஜவ்வாது மலையில் காவலூரை வானோக்ககத்துக்குத் தேர்ந்ததும் நல்ல இருளையும் தெளிந்த வானையும் கருதித்தான். வீட்டு மாடியிலும் வாயிலிலும் தெருவிலும் வானத்தை நோக்கி வீணே எரியும் விளக்குகளுக்கு ஒரு மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். செலவு அதிகமில்லை, அதனால் உங்கள் ஊரில் இந்தக் கலையைப் பயிலப்போகும் குழந்தைகளுக்கு ஒரு வானம் மிஞ்சும்.